இசைத்தாளில் இல்லாத மௌனம்

…இல்லை, இது அதே இடமில்லை, லில்லில் மூன்றாம் அங்கம், ரூவானிலும் மூன்றாம் அங்கம், நாந்தில் இரண்டாம் அங்கத்துக்கு வந்தது, இப்போது சென் தெனியில் முதலாம் அங்கத்திலேயே வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறானே, யாரோ இருட்டில் படியேறி வருகிற மாதிரி ஒவ்வொரு படியாக முன்னுக்கு வருகிறதே இந்த மூச்சுத் தயக்கம்… தவரத்தினம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை ஓரத்தால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, மகள் பாடுகிற ஒப்பெறாவைப் பற்றிய விமர்சனத்தில் அந்தப் பந்தியை மூன்றாம் முறையும் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை பத்தேகால். பரிஸ் லா ஷப்பலில் மெத்ரோ ரயில் தலைக்கு மேல் போகிறபோதெல்லாம் கரிகாலனின் போன் கடைக் கண்ணாடி சிணுங்கியது. கடையின் பின்பக்கம், உறை போட்டுத் தொங்கவிட்ட சார்ஜர்களுக்கும் சர்வதேச அழைப்பு அட்டைகளுக்கும் நடுவில் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒன்று அவருக்கு, மற்றது கடிதம் எழுதுவிக்க வருகிறவர்களுக்கு. பதினெட்டு வருஷமாக இந்த மேசையில் இருந்துதான் ஊர்ச்சனத்துக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதுகிறார், விசாக் கடிதம், வீட்டுக் கடிதம், வேலை போனால் கடிதம், ஆள் போனால் கடிதம், ஒவ்வொன்றுக்கும் இடது மேல்மூலையில் இலக்கம், வலது பக்கம் திகதி, ஒரு விரற்கடை ஓரம் மடித்து. இந்தப் பத்திரிகைத் துண்டுகளுக்கும் அப்படித்தான் இலக்கம் போட்டு வைத்திருக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. இன்று நான்கு. இலக்கம் போடாமல் விட்டிருந்தால் இது தெரிந்திருக்காது, ஒரு விமர்சனத்தை வாசித்துச் சந்தோஷப்பட்டு மடித்து வைத்துவிட்டு அடுத்ததை மற்ற ஆட்களைப்போலத் தனியாக வாசித்திருந்தால்… ஒழுங்காக அடுக்கி வைத்தவனுக்குத்தானா தெரியவேண்டும்?

மகள் கஜனியை விமர்சகர்கள் கஜனி என்று எழுதுவதில்லை. தவரத்தினம் என்றுதான் எழுதுகிறார்கள், தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கி, அதுதான் இங்கத்தைய வழக்கம், பதிவுக் காகிதத்தில் அப்படித்தான் ஏறியது. அதனால் ஒவ்வொரு முறையும் அவர் தன்னைப் பற்றியே வாசிக்கிறார். ‘தவரத்தினம் யன்னலோரம் வந்து நிற்கும்போது அரங்கு முழுவதும் காதலிக்கத் தொடங்குகிறது.’ ‘இருபத்தெட்டு வயதில் தவரத்தினத்திடம் இருக்கும் சொப்ரானோ உச்சக் குரல், ஈரத் துணியால் துடைத்த கண்ணாடி.’ முதல் தடவை இதை வாசித்தபோது கரிகாலன் கைகொட்டிச் சிரித்தான், அண்ணை, உங்களையல்லோ காதலிக்கினமாம், கோசலை அக்காட்டைச் சொல்லட்டோ என்று. அவரும் சிரித்தார். ஜனவரி, லில். அந்த விமர்சனத்தில் ஒரு வரி: ‘கடைசி உச்ச ஸ்வரத்துக்கு முன் மிகச் சிறிய தயக்கம், தான் காதலிப்பதைத் தானே கண்டு வெட்கப்படும் பெண்ணின் தயக்கம்.’ எவ்வளவு வடிவாக எழுதியிருக்கிறான் என்று அவர் அதை அப்படியே தமிழில் எழுதிக் கோசலையிடம் கொடுத்தார், கோசலை அதைத் தொலைபேசியில் குரல் பதிவாக வாசித்து ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற தன் சகோதரிகளுக்கு அனுப்பினாள். இரண்டாவது, ரூவான்: ‘இசைத்தாளில் இல்லாத ஒரு மௌனம். இரண்டு வினாடி. தவரத்தினம் வலது கையை எடுத்து இடது காறையெலும்பில் வைக்கிறார், பொறு என்று காதலனிடம் சொல்வதுபோல. எண்ணூறு பேரும் மூச்சுவிட மறந்தோம்.’ அந்த வரியை வாசித்தபோது அவருடைய பேனா நின்றது. அவர் அதைத் தமிழில் எழுதவில்லை. அதற்குப் பதில், மிக உருக்கமாகப் பாடினார், சபையோர் மெய்சிலிர்த்தனர், என்று எழுதினார். ஏன் அப்படி எழுதினார்? கோசலைக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது, மெத்ரோப் பெயரும் மருந்துக்கடைப் பெயரும் தவிர. தெரிந்திருந்தால்?

வலது கை, இடது காறையெலும்பு… அந்தக் கையை அவருக்குத் தெரியும். கொடிகாமம் சந்தியில் பஸ்ஸுக்கு ஓடி வந்து, ஏறாமல், கையை அங்கே வைத்துக்கொண்டு, ‘ஒண்டுமில்லை அண்ணை, கொஞ்சம் பொறு’ என்று நின்ற கை. தங்கச்சி யோகமலர் கதை சொல்லும்போதும் அப்படித்தான், நடுவில் நின்றுவிடுவாள், எல்லோரும் அவள் வேண்டுமென்று நிறுத்துகிறாள், சிரிப்பு மூட்டுகிறாள் என்று நினைப்பார்கள், நெளிவு சுளிவோடு கதைக்கத் தெரிந்த பெட்டை என்பார்கள். அவளையும் புகழ்ந்துதான் இருக்கிறோம், இல்லையா? எண்பத்தெட்டு பங்குனி, இருபத்திமூன்று வயது, கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியோடு ஏதோ பகிடி கதைத்தவள் பாதியில் நின்றாள், அந்தப் பக்கத்து வீட்டுக்காரி மிச்சப் பகிடிக்காகக் காத்துக்கொண்டு நின்றாளாம், அவள் விழும்வரைக்கும். ஆஸ்பத்திரியில் அந்த வயதுபோன டொக்டர் தகப்பனை வெளியில் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னதை அவரும் பக்கத்தில் நின்று கேட்டார், இது இருதயத்தில், இது குடும்பத்தில் ஓடுகிற வருத்தம், மற்றப் பிள்ளைகளையும் கட்டாயம் காட்டுங்கோ. வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு அய்யா சொன்னார், ‘தம்பி, கொக்காவுக்கு வைகாசியிலை கலியாணம் முற்றாக்கியிருக்கு. நெருப்புக் காய்ச்சல் எண்டு எழுது.’ வீட்டில் வடிவாக எழுதத் தெரிந்தவர் அவர்தான். மூன்று நாளில் இருபத்தேழு கடிதம் எழுதினார், லண்டன், கோலாலம்பூர், கண்டி, திருகோணமலை, எல்லாவற்றுக்கும் ஒரே வசனம், நெருப்புக் காய்ச்சல் கண்டு சிகிச்சை பலனின்றி. இருபத்தேழு தடவை எழுதிய பிறகு அந்த வசனத்தில் பொய் இருப்பது அவருக்கே தெரியவில்லை. அக்காவின் கலியாணம் நடந்தது. ஐந்து வருஷம் கழித்து அவருடையதும் நடந்தது. கோசலையின் தகப்பன் வந்து, தங்கச்சிக்கு என்ன வருத்தம் என்று கேட்டபோது, அந்த வசனம் தானாகவே வந்தது.

‘அண்ணை, நித்திரையே?’ தில்லைநாயகி அக்கா. மார்க்ஸ் டோர்மோயில் ஐந்தாம் மாடியில் இருக்கிறவ, லிஃப்ட் இல்லை, கீழ்வீடு கேட்டு மூன்று வருஷமாக விண்ணப்பம். கதிரையில் இருந்து பையை மடியில் வைத்து, பையிலிருந்து கடிதத்துக்கு முதல் ஒரு வடைப் பொதியை எடுத்து மேசையில் வைத்தா. ‘பிள்ளையின்ர படம் பேப்பரிலையாம். காட்டுங்கோ பாப்பம். ஓ… வெள்ளை உடுப்பு. காதலிக்கிற பெட்டையாத்தானே வாறா? தேப்பனுக்கு வெக்கமா இருக்கேல்லையோ?’ கப்பற்காரனைக் காதலித்து அவன் வருவான் என்று துறைமுக யன்னலில் காத்திருக்கிற பெண், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய கதை என்று சொன்னார். ‘வருவானோ?’ ‘வருவான்.’ ‘அப்ப அவ சாகேல்லையோ? உந்த ஒப்பெறாக்களிலை எல்லாரும் செத்துப் போவினமெண்டு என்ர மருமகள் சொன்னவள்.’ இல்லை, அவ சாகிறதில்லை அக்கா, என்று சொல்லும்போது மூன்றாம் இலக்கத் துண்டைக் கவிழ்த்து வைத்தார், ஏனென்றால் நாந்தில் எழுதியவன் அதைத்தான் பெரிதாகப் புகழ்ந்திருந்தான், ‘மரணமே இல்லாத ஒரு பாத்திரத்துக்குள் தவரத்தினம் மரணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார், இனி இந்தக் காதல் பாட்டை வேறு எவர் பாடினாலும் வெறும் காதலாகத்தான் கேட்கும்.’ கெட்டித்தனமான வசனம். ஆனால், உன்னுடைய பிள்ளையைப் பற்றி ஒருவன் இப்படி எழுதினால் நீ சந்தோஷப்படுவாயா, பெயர் தெரியாத மனிதனே? ‘நான் போனிலை அந்த வீடியோத் துண்டைப் பாத்தனான் அண்ணை,’ தில்லைநாயகி அக்கா வடையைப் பிய்த்துக்கொண்டே, ‘அந்த இடத்திலை நெஞ்சிலை கைவைக்கிறா பாருங்கோ, என்ர நெஞ்சே அடைச்சுப்போச்சு. எங்கை பழகினவ உதை?’ எங்கே பழகினாள். அவர் வெள்ளைத் தாளொன்றை எடுத்து ஓரம் மடித்தார். அக்கா தானே பேச்சை மாற்றினா, ‘சரி, என்ர விசயத்துக்கு வாங்கோ. மூட்டு வருத்தம் எண்டு எழுதி ஒண்டும் நடக்கேல்லை. இந்த முறை இருதயமும் எண்டு போடுங்கோ.’ ‘உங்களுக்கு இருதயத்திலை ஒண்டுமில்லையே அக்கா.’ ‘இல்லைத்தான். போட்டால் என்ன, உடைஞ்சு போடுமே? இருதயமெண்டால்தான் வெள்ளையள் பயப்பிடுவினம்.’ சிரித்தா. அவர் எழுதவில்லை. டொக்டரின் அத்தாட்சி இல்லாமல் அந்தச் சொல்லைப் போடமாட்டேன் என்றார், தன் குரல் கடுமையாக வந்தது அவருக்கே கேட்டது, அக்கா முகம் சுண்டி, ‘எண்டைக்குமில்லாத ஞாயம்’ என்று முணுமுணுத்து, மூட்டோடேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனா. இல்லாத இருதயத்தை எழுதச் சொல்கிற இவவுக்கு ஞாயம் சொல்ல நான் ஆர்? இருந்த இருதயத்தை இருபத்தேழு தடவை அழித்தவன்.

இருபத்தேழும் இல்லை, இருபத்தெட்டு. கஜனி பதினாறு வயதில் இசைப் பள்ளிக்குப் போகும்போது ஒரு சுகாதாரப் படிவம் வந்தது, அதிலே ஒரு கேள்வி, குடும்பத்தில் எவருக்காவது இருதய நோயோ இளவயதில் திடீர் மரணமோ ஏற்பட்டதா? ஆம், இல்லை, இரண்டு சின்னச் சதுரம். அடிமட்டம் வைத்து, இல்லை என்ற சதுரத்தில் குறுக்குக் கோடு போட்டார், மூலைக்கு மூலை, கோடு வெளியில் போகாமல். ஆம் என்று போட்டிருந்தால் சோதித்திருப்பார்கள். அப்போதே தெரிந்திருக்கும். மருந்து இருக்கிறதாம், இப்போது சின்ன மிசினெல்லாம் வைக்கிறார்களாம். அல்லது பாடவேண்டாம் என்றிருப்பார்கள்… எது பயமாக இருந்தது அன்று? பிள்ளை பாடாமல் போவதா, ஊர் கதைப்பதா, கோசலை கேட்பதா? தனக்கு ஒன்றும் இல்லையே, தன் நெஞ்சு ஒழுங்காக அடிக்கிறதே என்பதையே அத்தாட்சியாகப் பிடித்துக்கொண்டார், இது என்னைத் தாண்டிப் போகாது என்று, தபாற்காரன் வீட்டைத் தாண்டிப் போனால் கடிதம் இல்லை என்கிற மாதிரி. இன்றைய நான்காம் இலக்கத்தை மறுபடி எடுத்தார். வெள்ளிக்கிழமைக் காட்சி. ‘முதல் அங்கத்தின் சிரிப்புப் பாட்டிலேயே அந்த மௌனம் விழுகிறது, வாத்தியங்கள் காத்து நிற்கின்றன. பாட்டு முடிந்ததும், முந்திய ஊர்களில் நின்றுகொண்டிருந்த தவரத்தினம், இங்கே படிக்கட்டில் அமர்ந்துவிடுகிறார். எவ்வளவு துணிந்த தேர்வு! ஒப்பனைக்கு மேலாகவும் வெளிறித் தெரியும் முகம்.’ அமர்ந்துவிடுகிறார். அவள் இருந்துவிட்டாள். நிற்க ஏலாமல் இருந்தாளா, இருக்கவேண்டும் என்று இருந்தாளா? இதை எழுதியவனுக்கு ஏன் அந்தக் கேள்வி வரவில்லை, அந்தச் சபையில் ஒருவருக்காவது வரவில்லையா? காசு கொடுத்து உள்ளே வந்தவர்களுக்கு எல்லாம் நடிப்பாகத்தான் தெரியுமா?

பதினொன்று நாற்பதுக்குப் போன் எடுத்தார். மூன்று மணிக்குக் காட்சி, கடைசிக் காட்சி, அவரும் கோசலையும் முதற்தடவையாகப் பார்க்கப் போகிறார்கள். பன்னிரண்டுக்கு அவளுக்கு ஒப்பனை தொடங்கிவிடும். எட்டுத் தடவை அடித்து எடுத்தாள், வழக்கம்போலப் பிரெஞ்சில் தொடங்கினாள், அவர் வழக்கம்போலத் தமிழில். பேப்பர் பாத்தியளா பப்பா? பாத்தேன் பிள்ளை. இன்றைக்குப் பெரிய அரங்கிலிருந்து பாடகர்களைத் தெரிவு செய்கிற பெண்மணி வருகிறாவாம், ஷார்லோத் என்று பெயர், விமர்சனத்தை வாசித்துவிட்டுத் தானாகவே சீட்டுக் கேட்டாவாம், அந்த மௌனத்தை நேரில் கேட்கவேண்டும் என்றாவாம். அந்த மௌனத்தை. அடுத்த வருஷம் முழுக்க அதில்தான் தொங்குகிறது, பப்பா. அவர் கேட்டார், அவ்வளவு நேரமும் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்வியை: ‘அந்த இடத்திலை நிக்கிறது… அது நீயாச் செய்யிறதோ, பிள்ளை?’ சிரித்தாள். அதற்குமட்டும் தமிழுக்கு வந்தாள். ‘எல்லாரும் அதைத்தான் கேக்கினம். வாத்தியக்காரரை நடத்திறவர் செய்யச் சொன்னவர் எண்டு சொல்லுறனான்.’ சொல்லுறனான். சொன்னவர் என்று நிறுத்தவில்லை, சொல்லுறனான் என்றாள். அவர் காதில் போனை இன்னும் நெருக்கிப் பிடித்தார். அந்த ஒழுங்கான வசனம் அவருக்குத் தெரியும், ஒரே வசனத்தைப் பல பேருக்குச் சொல்லிச் சொல்லி மழமழப்பாக்கி வைத்திருக்கிறாள், நெருப்புக் காய்ச்சல் கண்டு சிகிச்சை பலனின்றி… என் பிள்ளை. ‘கஜனி, உன்ர அத்தை ஒராள்—’ ‘பப்பா, ஒப்பனைக்குக் கூப்பிடினம். அம்மாட்டை ஒண்டும் சொல்லாதேங்கோ, சரியே?’ ‘எதை?’ ‘ஒண்டையும்தான்.’ வைத்துவிட்டாள். மறுபடி எடுத்தார். அணைத்து வைத்திருந்தாள்.

அப்போ எழுதத்தான் வேண்டும். நேரே போய் மேடை வாசலில் கொடுக்கலாம், இரண்டு மணிக்கு முதல் போனால் யாராவது உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வெள்ளைத் தாள் எடுத்தார், ஓரம் மடித்தார், இடது மூலையில் இலக்கம் போட்டுவிட்டு வெட்டினார், மகளுக்கு எழுதுகிற கடிதத்துக்கு என்ன இலக்கம்? தமிழில் எழுதினால் அவளுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனா ஆவன்னாவோடு சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியை விட்டுவிட்டுப் பியானோ வகுப்புக்குப் போனவள், அவர்தான் விட்டார். பிரெஞ்சில் எழுதவேண்டும். பதினெட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பிரெஞ்சுக் கடிதம், ஒன்றுகூட வீட்டு ஆளுக்கு எழுதியதில்லை. அலுவலகங்களுக்கு எழுதுகிற கந்தோர்ப் பிரெஞ்சுதான் தெரியும். எப்படித் தொடங்குவது? பேனா தானாகவே தொடங்கியது, எல்லாக் கடிதத்தையும் தொடங்குகிற மாதிரி, ‘பின்வரும் விடயத்தைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவதைக் கௌரவமாகக் கருதுகிறேன்.’ பார்த்தார். கௌரவமாம். கிழிக்கக் கை போனது, பிறகு நேரம் போகிறதே என்று விட்டுவிட்டார், இருக்கட்டும், எனக்குத் தெரிந்த பாஷை இதுதான், இதிலேயே வரட்டும். எனது இளைய சகோதரியான யோகமலர், பிறந்த திகதி, இறந்த திகதி, இடம். பேனா ஓடியது, திகதிகள் என்றால் அதற்குப் பயமில்லை. மேற்படி நபரின் மரணத்துக்குக் காரணம்… அங்கே நின்றது. அடுத்த சொல் சின்னச் சொல், பிரெஞ்சில் நாலைந்து எழுத்து, ஒவ்வொரு நாளும் யாருக்காவது எழுதுகிற சொல். வரவில்லை. தலைக்கு மேல் மெத்ரோ போனது, கண்ணாடி சிணுங்கியது, நின்றது. அவர் எண்ணினார், தன்னையறியாமல், ஒன்று, இரண்டு… இரண்டு வினாடி இவ்வளவு நீளமா? இதற்குள்ளேயா அவள் நிற்கிறாள், ஒவ்வொரு காட்சியிலும், வெளிச்சத்தில், தனியாக? இதை வைத்தே இன்றைக்கு அவளுடைய எதிர்காலத்தைத் தெரிவு செய்யப் போகிறார்கள், நான் இந்தத் தாளைக் கொடுத்தால் அவள் பாடுவாளா, பயந்து பாடினால் அதுவே அவளைக் கொன்றுவிடாதா, கொடுக்காமல் விட்டு நான் மூன்றாவது வரிசையில் இருந்து கைதட்டிக்கொண்டிருக்க அவள் படிக்கட்டில் இருந்து எழும்பாமல்… சபை அப்போதும் கைதட்டும். கிணற்றடிக்காரி மிச்சப் பகிடிக்குக் காத்து நின்றதுபோல. அந்தச் சொல்லை எழுதினார். கோணலாக வந்தது. நாற்பது வருஷத்தில் அவர் எழுதிய ஒரேயொரு கோணல் எழுத்து.

‘இஞ்சாருங்கோ, இன்னும் வெளிக்கிடேல்லையே?’ கோசலை. பச்சைப் பட்டு, அதற்கு மேல் குளிர் மேலங்கி, கையில் மல்லிகைச் சரம், மகளுக்குக் கொடுக்க, கடைவாசலிலேயே கரிகாலனிடம் சேலை எப்படி என்று கேட்டு, ‘அக்கா, இண்டைக்கு மேடையிலை நீங்களோ மகளோ’ என்று அவன் சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். ‘நாலாவதை எழுதி முடிச்சியளே? தங்கச்சியவை காலமை தொடக்கம் கேட்டுக்கொண்டு நிக்கினம்.’ மேசையில் கிடந்த தாளைப் பார்த்தாள். ‘உது தமிழில்லையே. ஆருக்கு எழுதுறியள்?’ ‘பிள்ளைக்கு.’ ‘பிள்ளைக்கோ? பிள்ளையைப் பாக்கத்தானே போறம்.’ குனிந்தாள். மருந்துக்கடைப் பெயர் வாசிக்கிற கண், எழுத்தெழுத்தாகக் கூட்டியது, உதடு அசைந்தது, அவர் தாளை மறைக்கவில்லை. ‘யோ… க… யோகமலரோ? உங்கட தங்கச்சியல்லோ?’ ‘ஓம்.’ ‘காய்ச்சலிலை செத்த மனிசியைப் பற்றி இப்ப என்னத்துக்குப் பிள்ளைக்கு எழுதுறியள், நல்ல நாளும் அதுவுமா?’ அவர் பேனாவை மூடித் தாளுக்கு மேல் வைத்தார். கோசலை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், முதலில் சிரிப்போடு, பிறகு சிரிப்பில்லாமல், முப்பத்திரண்டு வருஷம் பார்த்த முகத்தில் புதிதாக ஒரு கதவைக் கண்டவள்போல. மல்லிகைச் சரத்தை வடைப் பொதிக்குப் பக்கத்தில் வைத்தாள். மேலங்கியைக் கழற்றவில்லை. மெல்ல அந்த மற்றக் கதிரையில், கடிதம் எழுதுவிக்க வருகிறவர்களின் கதிரையில், இருந்தாள், பதினெட்டு வருஷத்தில் அவள் ஒருநாளும் அதில் இருந்ததில்லை.

‘வாசியுங்கோ,’ என்றாள். ‘எனக்கு வாசிச்சுச் சொல்லுங்கோ.’

அவர் தாளை எடுத்தார். நேரம் பன்னிரண்டே முக்கால். இப்போது கிளம்பினாலும் இரண்டுக்கு முதல் போகலாம். பின்வரும் விடயத்தைத் தங்கள் மேலான கவனத்துக்கு… கண் வரியில் இருந்தது, நாக்கு அதற்குள் வேறொரு வசனத்தை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது, பழைய வசனம், மழமழப்பானது, கேட்காமலே வருவது. இந்தத் தாளில் இருப்பதை விட்டுவிட்டு எதையும் வாசிக்கலாம், அத்தை நினைவாகப் பாடு மகளே என்று எழுதியிருக்கிறேன் என்று சொல்லலாம், கோசலை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்துவிடுவாள், அவளுக்குத் தெரியவே தெரியாது. தன்னைத் தடுக்க இந்த அறையில் ஒருவரும் இல்லை என்பது தெரிந்தபோதுதான் தவரத்தினத்துக்கு உண்மையிலேயே பயம் வந்தது.